பிரிஸ்கா எடுத்துவைத்த ஒன்பது புத்தகங்கள்

கிட்வே என்கிற செம்புச் சுரங்க நகரத்தில் சிம்வெம்வே குடியிருப்பின் நடுவே ஒரு சின்ன நூலகம் இருக்கிறது. பதினான்கு வருஷம் அதன் முன்மேஜையில் உட்கார்ந்து தேதி முத்திரை குத்தியவள் பிரிஸ்கா கத்தோங்கோ. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. மகள் கசூபாவை வைத்து, பள்ளிப் பிள்ளைகள் முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் அவள் ‘கசூபா அம்மா’தான். கணவன் செம்பு ஏற்றிப்போன லாரியோடு காங்கோ எல்லைச் சாலையில் கவிழ்ந்து இறந்துபோனபோது கசூபாவுக்கு ஐந்து வயது. அந்த வருஷம்தான் நூலக வேலை கிடைத்தது. அதை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த பன்னிரண்டாவது வருஷம் சுரங்கத்தில் ஆட்குறைப்பு நடந்தது. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிற ஆண்கள் கூட்டம் பாதியாகச் சுருங்கிவிட்டது. மீதிப்பேர் வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற மினிபஸ்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நூலகத்தை நடத்திவந்த அறக்கட்டளைக்கு அப்போது கடல் தாண்டி ஒரு தர்ம ஸ்தாபனத்திலிருந்து கடிதம் வந்தது. வேலை இழந்த சுரங்கத் தொழிலாளர்கள் புது வாழ்வு தொடங்க, வெப்சைட் வடிவமைப்பு கற்றுக்கொள்ளப் புத்தகங்களும் இரண்டு கம்ப்யூட்டர்களும் அனுப்புகிறோம் என்று.

அங்கே குளிர்காலமான ஜூலையில் கண்டெய்னர் வந்து இறங்கியது. வடிவமைப்புப் புத்தகங்கள் மட்டும் முன்னூற்று நாற்பது. நூலக இயக்குநர் சிஷாலா தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தப் பெட்டிகளை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“கசூபா அம்மா, எது நல்லது, எது வேண்டாம்னு பாத்து அடுக்கிடுங்க. உங்களுக்குத்தான் புத்தகத்தைப் பாத்தாலே ஜாதகம் தெரியுமே.”

அவளுக்கு வெப்சைட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. லுசாகாவில் தன் அக்கா மகள் சிலேஷே அந்த வேலைதான் செய்கிறாள் என்பது மட்டும் தெரியும். சனிக்கிழமை அவளைப் போனில் பிடித்தாள்.

“எத்தனை புத்தகம்னு சொன்னீங்க, சின்னம்மா?”

“முன்னூத்தி நாப்பது.”

சிலேஷே சிரித்தாள். “அங்க எவனோ குடோனைக் காலி பண்ணியிருக்கான். முதல்ல அட்டைக்குப் பின்னாடி எந்த வருஷம் அச்சடிச்சதுன்னு பாருங்க. இந்த பட்டனை அமுக்கு, அந்த பட்டனை அமுக்குன்னு சொல்ற புத்தகம் எல்லாம், அந்த பட்டன் செத்தா கூடவே செத்துடும். கண்ணு ஒரு பக்கத்து மேல எப்படி ஓடுது, ஆளு எங்க தடுமாறி நிக்கறான், எழுத்துக்குச் சுத்தி எவ்வளவு இடம் விடணும், இதைச் சொல்ற புத்தகம் இருக்கும். ஒல்லியா இருக்கும். அதைத் தேடி எடுங்க.”

ஒரு மாதம் பிரிஸ்கா அதைத் தேடினாள். பின்னறையின் சிமெண்டுத் தரையில் பழைய போர்வையை விரித்து, புத்தகங்களைப் பரப்பி, நடுவில் உட்கார்ந்துகொண்டாள். வருஷம் பார்த்ததிலேயே இருநூறுக்கு மேல் போயிற்று. பதினைந்து வருஷம், பதினெட்டு வருஷம் பழசு. செங்கல் கனத்தில் இருந்தவை பெரும்பாலும் ஏதோ ஒரு மென்பொருளின் ஏதோ ஒரு பதிப்புக்கான கையேடுகள். முகப்பில் எழுத்துகள் சுழன்று ஆடுகிற மாதிரி பக்கம் செய்வது எப்படி என்று மட்டும் நாற்பது புத்தகம் இருந்தது. சிலேஷேயிடம் கேட்டாள். “அந்த மென்பொருளை இப்ப எந்த போனும் திறக்காது, சின்னம்மா. வெறும் சாம்பல் நிறப் பெட்டிதான் தெரியும்.”

பிறகு அவளே ஒரு சோதனை கண்டுபிடித்தாள். எந்தப் புத்தகமானாலும் நடுவில் திறந்து நின்றபடியே நாலு பக்கம் வாசிப்பது. வாசிக்கும்போது கண் இடறினால் கீழே வைத்துவிடுவது. அடுத்தவர் பக்கத்தை அழகாக்கச் சொல்லிக்கொடுக்க வந்த புத்தகத்துக்குத் தன் பக்கத்தையே ஒழுங்காக அடுக்கத் தெரியவில்லை என்றால் அதை ஏன் நம்ப வேண்டும்? இப்படியும் ஐம்பது போயிற்று. ஒருவர் சொன்னதையே இன்னொருவர் படம் மாற்றிச் சொன்னவை சில. பக்கம் கிழிந்தவை சில. கடைசியில் மிஞ்சியது ஒன்பது.

அந்த ஒன்பதையும் அவள் முழுவதும் வாசித்தாள். வாசித்ததில் பாதி, கம்ப்யூட்டரைத் தொடாதவளுக்கும் புரிந்தது. ஒரு புத்தகம் எழுத்தின் அளவும் வரிகளுக்கு இடையேயான இடைவெளியும் பற்றி மட்டும் பேசியது. ஒன்று, பார்வை மங்கியவர்களுக்கு எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் தெரியும், எது தெரியாது என்று. இன்னொன்று, வந்தவன் தொலைந்து போகாமல் இருக்க ஒவ்வொரு கதவுக்கும் என்ன பெயர் வைப்பது என்று. வாசித்துக்கொண்டிருந்தபோதே அவளுக்கு நூலக வாசல் பலகை நினைவுக்கு வந்தது. பதினான்கு விதிகள், எல்லாம் ஒரே அளவில், ஒட்டி ஒட்டி. திறக்கும் நேரம் ஒன்பதாவது விதி. ஒரு மத்தியானம் அவள் அதை இறக்கித் துடைத்துவிட்டு, திறக்கும் நேரத்தைப் பெரிதாக மேலே எழுதி, கீழே நிறைய வெள்ளை விட்டு, மூன்று விதிகளை மட்டும் சின்னதாக எழுதினாள். அதற்குப் பிறகு “எத்தனை மணிக்கு மூடுவீங்க?” என்று யாரும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அவளுக்குள் ஒரு ரகசிய சந்தோஷம் இருந்தது.

ஒன்பது புத்தகங்களோடும் ஒரு பட்டியலோடும் சிஷாலாவின் அறைக்குப் போனாள்.

சிஷாலாவைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அந்த நூலகத்தின் கூரை மழையில் இடிந்து விழுந்தபோது வீடு வீடாகப் போய் தகரம் கேட்டு வாங்கியவர் அவர்தான். ஆனால் உதவி செய்கிறவர்களின் முகம் சுளித்துவிடக்கூடாது என்கிற பயம் அவருக்கு எலும்புவரை இருந்தது. பட்டியலைப் பார்த்தார். ஒன்பது புத்தகங்களைப் பார்த்தார்.

“மீதி?”

“பழைய பேப்பருக்குத்தான் ஐயா. அதைப் படிச்சா ஆளு கெட்டுப் போவான்.”

“கசூபா அம்மா, செப்டம்பர்ல அனுப்பினவங்க நேர்ல வர்றாங்க. புத்தகம் எங்கன்னு கேப்பாங்க. ஒன்பதைக் காட்டவா? நீங்க அனுப்பினது குப்பைன்னு சொல்லவா? அடுத்த கண்டெய்னர்ல பள்ளிக்கூடப் புத்தகம் வருது, தெரியுமா?”

“அது வரட்டும் ஐயா. இதை யாராவது நம்பிப் படிச்சா?”

“எல்லாத்தையும் அலமாரியில அடுக்குங்க. படிக்கறவன் தனக்கு வேணுங்கறதை எடுத்துப்பான்.” ஒன்பதையும் கையில் எடுத்துப் புரட்டினார். புதுசு போல மின்னின. “இது இங்க இருக்கட்டும். வெளிய வச்சா ஒரு வாரத்துல சந்தைக்குப் போயிடும். வேணுங்கறவங்க என்கிட்ட கேட்டு இங்கயே உக்காந்து படிக்கட்டும்.” தன் முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியில் அவற்றை வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் அவர் அந்த அறையில் இருப்பார்.

பிரிஸ்கா முன்னூற்று முப்பத்தொரு புத்தகங்களையும் அடுக்கினாள். கசூபா அப்போது என்டோலாவில் நர்ஸ் படிப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது; கட்டணம் அவள் சம்பளத்திலிருந்துதான்.

அடுத்த திங்கட்கிழமை எவரிஸ்டோ கம்பம்பா வந்தார். சுரங்கத்தில் பதினேழு வருஷம் எலெக்ட்ரீஷியன். வேலை போன பிறகும் நீல ஓவரால்தான் போட்டிருந்தார், துவைத்து மடிப்புக் கலையாமல். நாற்பத்து மூன்று வயது. தெருவில் அவரை ‘ம்வீலா அப்பா’ என்பார்கள். பிரிஸ்காவின் வீட்டு ஃப்யூஸ் போனால் அவர்தான் வந்து போடுவார், காசு வாங்கமாட்டார்.

“கசூபா அம்மா, வெப்சைட் பண்ணக் கத்துக்கணும். ரேடியோவுல சொன்னாங்க. எந்தப் புத்தகம் நல்லது? நீங்களே எடுத்துக் கொடுங்க.”

அவள் எழுந்து சிஷாலாவின் அறைக்குப் போனாள். பூட்டியிருந்தது. போனில் கூப்பிட்டாள். சிஷாலா லுவான்ஷியாவில் ஒரு கூட்டத்தில் இருந்தார். “எனக்குத் தெரியாத ஆளுக்கெல்லாம் அலமாரியைத் திறக்க முடியாது. வெளிய அவ்வளவு இருக்கே,” என்று வைத்துவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது எவரிஸ்டோ அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் சிவப்பு முதுகுள்ள ஒரு தடியான புத்தகம். ஆயிரத்து நூறு பக்கம். அதை அவளுக்குத் தெரியும். பதினாறு வருஷம் பழசு. முதல் சுற்றிலேயே ஒதுக்கியது.

“இது எப்படி?”

“அது கொஞ்சம் பழசு, ம்வீலா அப்பா.”

“நானும் பழசுதான். பைபிளும் பழசுதான்.” சிரித்தார். “இவ்வளவு கனத்துல இருக்கு. இதுல இல்லாதது வேற எதுல இருக்கப் போகுது?”

அவளும் சிரித்துவிட்டாள். அந்த மனிதரின் முகத்தில் பல மாதம் கழித்து வந்த சிரிப்பு அது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அட்டையைத் திறந்து, சீட்டை எடுத்து, தேதியைக் குத்தினாள்.

அந்த நாளை அவள் பிற்பாடு எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாளோ, கணக்கில்லை.

எவரிஸ்டோ படிப்பது எப்படி என்று அந்தக் குடியிருப்பே பார்த்தது. காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் நிற்பார். மின்சாரம் இருக்கிற மணிநேரத்தில் கம்ப்யூட்டர், இல்லாத நேரத்தில் ஜன்னல் ஓரத்தில் புத்தகம். கண்டெய்னரில் வந்த அந்த இரண்டு கம்ப்யூட்டர்களும் புத்தகத்தைப் போலவே பழசு, இணைய இணைப்பு கிடையாது. அதனால் புத்தகம் சொன்னது சொன்னபடியே திரையில் வந்தது. எழுத்துகள் சுழன்றன. கதவு திறப்பது போல முகப்பு திறந்தது. எவரிஸ்டோ வைத்திருந்தது பொத்தானை அமுக்குகிற பழைய போன். வெளியே உலகம் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க அவருக்கு ஒரு ஓட்டைகூட இல்லை.

பதினான்கு நாளுக்கு ஒருமுறை புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டுவார். பிரிஸ்கா புதுத் தேதி குத்திக் கொடுப்பாள். சீட்டு நிரம்பியதும் அதன் மேல் இன்னொரு சீட்டு ஒட்டினாள். வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவருவார். புத்தகத்தை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார், படங்கள் உட்பட, கம்பி வரைபடம் போடுகிறவரின் நேர்த்தியோடு. மூன்று நோட்டு.

ஒருநாள் அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஒரு விடுதிக்கான பக்கம், அவரே கற்பனை செய்தது. நடுவில் யானை. யானையைச் சுற்றி மஞ்சள் எழுத்துகள் வட்டமிட்டன.

“எப்படி?”

மஞ்சள் பின்னணியில் மஞ்சள் எழுத்து. எங்கே அமுக்கினால் அறைவாடகை தெரியும் என்பதற்கு அடையாளமே இல்லை. ஒன்பதில் ஒவ்வொன்றும் ‘செய்யாதே’ என்று சொன்னதெல்லாம் அதில் இருந்தது. ஆனால் கோடு ஒன்றுகூடப் பிசகவில்லை.

“உங்க கை சுத்தமான கை, ம்வீலா அப்பா,” என்றாள். அது பொய்யில்லை. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அதை சிலேஷேயிடம் சொன்னாள். “சொல்லிடுங்க, சின்னம்மா. இன்னைக்கே சொல்லிடுங்க. நாள் ஆக ஆக ரொம்பக் கஷ்டம்.”

“வேற எதைக் கையில கொடுத்துட்டுச் சொல்றது? அந்த ஒன்பதும் பூட்டிக் கிடக்கு.”

“நீங்க படிச்சிருக்கீங்க இல்ல. வாயால சொல்லுங்க.”

அவள் சொல்லத்தான் போனாள். அந்த வாரம் தர்ம ஸ்தாபனத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். நிரம்பிய அலமாரிகளைப் பார்த்து மகிழ்ந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் சிவப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த எவரிஸ்டோவைப் பார்த்ததும் அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. படம் எடுத்தார்கள். சிஷாலா அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார்.

அவர்கள் போனதும் பிரிஸ்கா சிஷாலாவிடம் சாவி கேட்டாள். “அந்த மனுஷனுக்கு ஒரே ஒரு புத்தகம் ஐயா. நான் பொறுப்பு.”

“யாருக்கு? படம் எடுத்தாங்களே, அவருக்கா? அவர்கிட்டப் போய் அவங்க கொடுத்த புத்தகம் உதவாதுன்னு சொல்லப் போறீங்களா?” சிஷாலா குரலைத் தாழ்த்தினார். “கசூபா நல்லாப் படிக்கிறாளா?”

அவ்வளவுதான் கேட்டார். மிரட்டல் என்று யாரும் சொல்ல முடியாது. பிரிஸ்கா தன் மேஜைக்குத் திரும்பினாள்.

இன்னொரு முறை, சொல்லிவிடுவது என்று அவர் வீட்டுக்கே போனாள். எவரிஸ்டோ வெளியே போயிருந்தார். மனைவி ஐரீன் அவளை உட்காரவைத்து, உப்வாலிக் களியும் கபென்டாக் கருவாடும் போட்டாள். “வேலை போன புதுசுல ரெண்டு மாசம் செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தார். உங்களாலதான் மனுஷனா எழுந்து நடக்கறார்,” என்று சொல்லி, பிரிஸ்காவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிரிஸ்கா களியை விழுங்கிவிட்டு எழுந்து வந்தாள்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. இதற்கிடையில் தர்ம ஸ்தாபனத்தின் வருடாந்திர மலர் வந்தது. பளபளக்கும் தாளில் முழுப்பக்கம் எவரிஸ்டோ. ‘சுரங்கத்திலிருந்து வலைத்தளத்துக்கு’ என்று தலைப்பு. சிஷாலா ஒரு பிரதியை அவருக்கே கொடுத்தார். எவரிஸ்டோ அந்தப் பக்கத்தை பிளேடால் வெட்டியெடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்தார்.

அதைத்தான் அவர் என்டோலாவுக்கு எடுத்துக்கொண்டு போனார். அங்கே விடுதிகளுக்கும் பள்ளிகளுக்கும் வெப்சைட் செய்து தருகிற ஒரு சின்ன நிறுவனம் ஆள் தேடியது. கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தான் செய்த யானைப் பக்கத்தை ஒரு குறுந்தகட்டில் ஏற்றிக்கொண்டு, காலை ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தார். போகும் வழியில் நூலகத்தில் எட்டிப்பார்த்து, “வேண்டிக்கோங்க, கசூபா அம்மா,” என்றார். அவள் வேண்டிக்கொண்டாள். எதற்காக வேண்டுகிறோம் என்று தெரியாமலே.

அங்கே நடந்ததை மறுநாள் அவரே சொன்னார். மேஜைக்கு எதிரே உட்காரவில்லை. நின்றபடியே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், நடந்தது நடந்தபடி சொன்னார்.

“நான் குறுந்தகட்டை நீட்டினேன். அதைப் போடறதுக்கு அவங்ககிட்ட மிஷினே இல்ல. எல்லாம் பிள்ளைங்க, என் ம்வீலாவைவிட நாலஞ்சு வயசு பெரியவங்க. ஒருத்தன் எங்கேயோ போய் ஒரு பழைய பெட்டியைத் தூக்கிட்டு வந்தான். அதுல எடுத்து, அவங்க கம்ப்யூட்டர்ல போட்டாங்க. போன்லயும் போட்டாங்க.” நிறுத்தினார். “ஒண்ணுமே வரல. சாம்பல் கலர்ல ஒரு பெட்டி. என் யானையைக் காணோம்.”

பிரிஸ்கா கையிலிருந்த முத்திரையைக் கீழே வைத்தாள்.

“நான் என்ன நினைச்சேன் தெரியுமா, அவங்க மிஷின்தான் கெட்டுப் போச்சுன்னு. கம்பியைப் பாக்கட்டுமான்னு கேட்டேன். அப்பதான் ஒரு பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அவங்கள்ல பெரியவன் நல்லவன். ஐயா, எந்தப் புத்தகத்துல படிச்சீங்கன்னு மரியாதையா கேட்டான். நான் மலர்ல வந்த அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். அதுல என் கையில புத்தகம் இருக்கு இல்ல. அந்தப் புத்தகத்தைப் பாத்துட்டு எல்லாரும் போனை எடுத்து அதை போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நாங்க பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முன்னாடி உள்ளதுன்னு ஒருத்தன் சொன்னான்.”

சிவப்புப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

“உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“கண்டெய்னர் வந்த மாசத்துலேர்ந்து.”

அவர் தலையை ஆட்டினார், ஏதோ இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறவர் மாதிரி. அட்டையைத் திறந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய சீட்டுகளில் தேதிகள் வரிசையாக நின்றன. அவற்றை அவர் விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு போனார்.

“ஒவ்வொரு தடவையும் நீங்கதான் குத்தினீங்க.”

“சாவி என்கிட்ட இல்ல, ம்வீலா அப்பா. நல்ல புத்தகம் எல்லாம் உள்ள பூட்டி…”

“நான் புத்தகம் கேக்கல. ஒரு வார்த்தை. இதுல நேரத்தைப் போடாதன்னு ஒரு வார்த்தை. நான் வேற வேலை தேடியிருப்பேன். நாப்பத்தி மூணுல போயிருந்தா எடுத்திருப்பாங்க. இப்ப நாப்பத்தி அஞ்சு.”

அப்புறம் அவர் திரும்பிப் போனார். குரலை உயர்த்தவில்லை. ஜன்னல் ஓரத்து நாற்காலியைக்கூடப் பார்க்கவில்லை. அன்று முழுவதும் பிரிஸ்கா வருகிற புத்தகங்களுக்குத் தேதி குத்திக்கொண்டிருந்தாள். இரண்டு இடத்தில் தேதி தப்பு.

அடுத்த திங்கட்கிழமை சிஷாலா லுசாகா போயிருந்தார். பிரிஸ்கா வாசலில் ‘இன்று விடுமுறை’ என்று எழுதி மாட்டினாள். பின்னறையிலிருந்து ‘நீக்கப்பட்டது’ என்கிற முத்திரையைத் தேடியெடுத்தாள். வருஷக்கணக்காகத் தொடாத முத்திரை, ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. முன்னூற்று முப்பத்தொரு புத்தகங்களையும் ஒவ்வொன்றாக இறக்கி, முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் குத்தி, கைவண்டியில் ஏற்றிப் பின்முற்றத்தில் கொட்டினாள். மத்தியானத்துக்கு மேல் காவல்காரரிடம் ஸ்க்ரூ டிரைவர் கேட்டாள்.

“எதுக்கும்மா?”

“பூட்டு திறக்க.”

“சாவி?”

“ஐயா பையில.”

காவல்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். “நான் சாப்பிடப் போயிருந்தேன்,” என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நடந்தார்.

கீலைக் கழற்றி, கண்ணாடியை உடையாமல் இறக்கி, ஒன்பதையும் எடுத்தாள். இரண்டு வருஷமாக ஒரு விரல்கூடப் படாத புத்தகங்கள். வாசிக்க வந்தவர்கள் யாருமில்லை, கேட்கவேண்டும் என்று யாருக்கும் தெரியாது. ஏழு புத்தகங்களை வெளி அலமாரியில் நிறுத்தினாள். இரண்டை எவரிஸ்டோ பேரில் பதிந்து பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தாள்.

ஐரீன் வாசலில் கரியடுப்பில் விதும்புவா என்கிற மாவுப் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டு வருகிற பிள்ளைகளுக்கு விற்பது. இந்தமுறை உட்காரச் சொல்லவில்லை.

“அவர் இல்ல. சொல்வேசி போயிட்டார். புதுச் சுரங்கத்துல தினக்கூலிக்கு ஆள் எடுக்கறாங்களாம். மண் அள்ற வேலை.”

“எலெக்ட்ரீஷியன் வேலை…”

“அதுக்கு இப்ப புது சர்டிபிகேட் வேணுமாம். அதை எடுத்திருக்க வேண்டிய ரெண்டு வருஷத்துலதான் அவர் உங்க நூலகத்துல உக்காந்திருந்தார்.”

பிரிஸ்கா பையிலிருந்து இரண்டு புத்தகங்களையும் எடுத்தாள். “இதை அவருக்கு அனுப்பிவைப்பியா? இதுதான் சரியான புத்தகம். அப்பவே கொடுத்திருக்கணும்.”

ஐரீன் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை வாங்கிப் புரட்டினாள். எண்ணெய் விரல் படாமல் ஓரத்தில் பிடித்துத்தான் புரட்டினாள். “இவ்வளவு ஒல்லியா,” என்றாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“அவர் உங்களைத் திட்டல, கசூபா அம்மா. வீட்டுக்கு வந்தும் திட்டல. அவங்களும் வேலைக்காரங்கதானேன்னு சொன்னார். திட்டியிருந்தா உங்களுக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும், இல்ல?”

ஒரு பிள்ளை வந்து நான்கு விதும்புவா கேட்டது. ஐரீன் பக்கத்தில் இருந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மடித்துக் கொடுத்தாள். தாளில் நேர்த்தியான கட்டங்கள், அம்புக்குறிகள், மணிமணியான கையெழுத்து. எண்ணெய் ஊறி எழுத்து மறுபக்கம் தெரிந்தது. பிரிஸ்கா அதைப் பார்ப்பதை ஐரீன் பார்த்தாள். அடுத்த கரண்டி மாவை எண்ணெயில் விட்டாள்.

சிஷாலா வெள்ளிக்கிழமை திரும்பினார். அவர் கத்துவார் என்று பிரிஸ்கா எதிர்பார்த்திருந்தாள். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாத அலமாரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “கசூபா அம்மா, எனக்கு ஏன் இதைச் செஞ்சீங்க?” என்று கேட்டார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அறக்கட்டளைக் கூட்டத்தில் அவளை நிற்கவைத்துக் கேட்டார்கள். தானமாக வந்த பொருளைச் சேதப்படுத்தியது, பூட்டை உடைத்தது. புத்தகங்களைப் பற்றி அவள் சொன்னதை ஒருவர் மட்டும் குறித்துக்கொண்டார். அந்த மாதத்தோடு வேலை போயிற்று.

முற்றத்தில் கிடந்த முன்னூற்று முப்பத்தொன்றும் திரும்ப உள்ளே போயின. ‘நீக்கப்பட்டது’ முத்திரையின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டினார்கள். ஒன்பதும் கண்ணாடிக்குப் பின்னால் திரும்பின, இந்தமுறை இரட்டைப் பூட்டோடு. அதன் பிறகு வெளி அலமாரிப் புத்தகங்களைப் படித்துவிட்டு யாராவது எங்காவது வேலை கேட்டுப் போய் நின்றார்களா என்று அவள் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும் என்கிற பயம்.

கசூபாவின் படிப்பு ஒரு வருஷம் நின்று, பிறகு சிலேஷேயின் உதவியில் முடிந்தது. பிரிஸ்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு நகல் கடையில் விண்ணப்பங்களும் மரண அறிவிப்புகளும் தட்டச்சு செய்துகொடுத்தாள். அவள் அடிக்கும் அறிவிப்புகளை ஜனங்கள் தேடி வந்து வாங்கினார்கள். பெயர் பெரிதாக, நேரமும் இடமும் கண்ணில் படும்படி, சுற்றிலும் நிறைய வெள்ளை. எங்கே கற்றாய் என்று கடைக்காரர் கேட்டபோது புத்தகத்தில் என்று மட்டும் சொன்னாள்.

மூன்று வருஷம் கழித்து, சிலேஷேயைப் பார்க்க லுசாகா புறப்பட்டபோது, பஸ் நிலையத்தில் எவரிஸ்டோவைப் பார்த்தாள். சொல்வேசி பஸ்ஸுக்கு நின்றிருந்தார். இளைத்திருந்தார். நகக்கண்ணில் சிவப்பு மண். அவர்தான் முதலில் பார்த்தார், அவர்தான் கிட்டே வந்தார்.

“கசூபா அம்மா, நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன். நீங்க?”

“இருக்கோம். ம்வீலாவுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. அங்க இந்த வருஷம் நல்ல மழை. இன்னும் நூலகத்துலதானா?”

“இல்ல. விட்டாச்சு. அந்த வருஷமே.”

“அப்படியா,” என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

அவள் மூன்று வருஷமாக மனசுக்குள் அடுக்கி அடுக்கி வைத்திருந்த பேச்சு தொண்டைவரை வந்தது. “ம்வீலா அப்பா, அன்னைக்கு நான்…”

“உங்க பஸ் கிளம்பப் போகுது,” என்றார். அவள் பையைத் தன் கையில் வாங்கினார், பஸ்ஸின் பின்பக்க ஏணியில் ஏறி, மற்ற மூட்டைகளுக்கு நடுவே அது உருளாதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டினார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். இறங்கி வந்து கைகளைத் தட்டிக்கொண்டு, “பத்திரமாப் போயிட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டு, தன் பஸ்ஸுக்கான வரிசையில் போய் நின்றுகொண்டார்.

அவள் ஜன்னல் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். வரிசை மெதுவாக நகர்ந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.